நாமும் நாங்களும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே "பண்பாட்டுப் பன்மை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த இரண்டு சொற்களுக்கு வந்த கடிதங்களை ஒரு பைக்குள் திணித்து ஆசிரியர் அனுப்பிவைத்தார். ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல் விட்டுவிட்டேன்.

"சமூகத்தில் பண்பாட்டுப் பன்மையின் பொருளும் முக்கியத்துவமும்" என்ற தலைப்பில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். உதவுவீர்களா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி

கண்ணே, இந்த இதழ் உன் கைக்கு வரும்போது அந்த வெள்ளிக்கிழமை போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். மதிப்பெண் கவலை இல்லாமல் பேசலாம்.

பண்படுத்திய நிலம் என்கிறோம் அல்லவா, அந்தப் "பண்படு"வில்தான் பண்பாடு இருக்கிறது. உழுது, கல் பொறுக்கி, நீர் பாய்ச்சிப் பல தலைமுறை கைபட்ட நிலம். உடை, ஆடல், பாடல் எல்லாம் மேலே தெரிகிற பயிர். துக்க வீட்டில் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது, பெரியவர் சொன்னது தவறு என்றால் அதை எப்படி அவரிடம் சொல்வது, "வருகிறேன்" என்றவர் உண்மையில் வருவாரா என்பதெல்லாம் மண்ணுக்கு அடியில் கிடப்பவை. இரு வேறு மனிதர்கள் பழகும்போது இடறுவது பெரும்பாலும் இந்த அடிமண்ணில்தான். பள்ளி ஆண்டு விழாவில் ஆளுக்கொரு உடை போட்டு வரிசையாக நிற்பதோடு பன்மை முடிந்துவிடுவதில்லை.

கட்டுரைக்குத் தேதி வேண்டும் என்றால் எழுதிக்கொள்: யுனெஸ்கோ 2001 நவம்பர் 2 அன்று இதற்கென்றே ஒரு பிரகடனத்தை ஏற்றது. நியூயார்க் கோபுரங்கள் இடிந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இயற்கைக்கு உயிரினப் பன்மை எவ்வளவு தேவையோ, அவ்வளவு மனித குலத்துக்குப் பண்பாட்டுப் பன்மை தேவை என்கிறது அதன் முதல் பிரிவு. மே 21 அதற்கான நாள்.

அடுத்த முறை இதே தலைப்பு வந்தால், உன் வகுப்பில் யாருடைய பெயரை எல்லோரும் தப்பாகவே உச்சரிக்கிறீர்கள் என்று தொடங்கு. அப்புறம் ஒன்று, எல்லோரும் கட்டுரையை முடிக்கிற அந்தப் புறநானூற்று வரி. நல்ல வரிதான். அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.

பன்மையால் விளையும் நன்மைகளைப் பட்டியலிட்டுத் தரவும். சுருக்கமாக இருந்தால் நலம்.
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

பட்டியல் தர மாட்டேன், தம்பி. ஒரு கதை தருகிறேன். சுருக்கமாகவும் இருக்காது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காட்டன் மேதர் என்று ஒரு பாதிரியார். அவருடைய சபையார் 1706-இல் அவருக்கு ஒரு மனிதரைப் பரிசளித்தார்கள். ஆம், மனிதரைத்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த அடிமைக்கு ஒனிசிமஸ் என்று மேதர் பெயர் வைத்தார். "உனக்கு அம்மை வந்திருக்கிறதா?" என்று ஒருநாள் கேட்டபோது, "வந்திருக்கிறது, வரவுமில்லை" என்றார் ஒனிசிமஸ். கையில் ஒரு தழும்பைக் காட்டினார். அம்மைக் கொப்புளத்தின் நீரில் ஒரு துளி எடுத்து, தோலைக் கீறி அதில் விடுவார்கள். கொஞ்சம் காய்ச்சல் வரும். பிறகு வாழ்நாள் முழுக்கப் பெரியம்மை அண்டாது. எங்கள் மக்களிடம் இது வழக்கம் என்றார்.

1721-இல் பாஸ்டனைப் பெரியம்மை தாக்கியது. பதினோராயிரம் பேர் இருந்த ஊரில் 5,889 பேருக்கு நோய்; 844 பேர் இறந்தார்கள். மேதர் சொன்னதைக் கேட்டுச் சாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் மட்டும் துணிந்தார். அப்படி அம்மை குத்திய முதல் மூவரில் ஒருவன் அவருடைய ஆறு வயது மகன். அவரிடம் குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தவர்கள் ஆறு பேர். நூற்றுக்குப் பதினான்கு எங்கே, நூற்றுக்கு இரண்டரை எங்கே!

ஊர் என்ன செய்தது? ஆப்பிரிக்க அடிமையின் பேச்சை நம்புகிறாயா என்று எள்ளி நகையாடியது. அந்த நவம்பரில் மேதர் வீட்டு ஜன்னல் வழியாக யாரோ ஒரு குண்டை வீசினார்கள், நல்லவேளை, வெடிக்கவில்லை. சீனாவிலும் துருக்கியிலும் இதையொத்த முறைகள் முன்பே இருந்தன. துருக்கியில் பார்த்துவிட்டு வந்த மேரி மான்டேகு என்ற ஆங்கிலப் பெண்மணி அதே 1721-இல் லண்டனில் தன் மகளுக்குச் செய்துவைத்தார். அவரையும் தூற்றினார்கள். தெரிந்த மருத்துவர்களுக்குத் தெரியாத ஒன்று, தெரியாத மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இந்தக் கதையை "பன்மையின் நன்மை எண் 1" என்று எழுதினால் எனக்கு உடன்பாடில்லை. ஊருக்கு நன்மை கிடைத்தது. ஒனிசிமஸுக்கு என்ன கிடைத்தது? தம் விடுதலையைக்கூட அவர் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது, அதுவும் அரைகுறையாக. மற்றவரால் நமக்கு என்ன ஆதாயம் என்று கணக்குப் பார்த்து மதிக்கிற மதிப்பு, கணக்கு மாறினால் போய்விடும். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே பழக்கம் என்று ஆகிவிட்டால் சண்டையே இருக்காதே?
— ஓய்வு பெற்ற கணக்காளர்

ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள் வரப்புக்காக வெட்டிக்கொள்ளும் உலகத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்கள்.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி என்ற இரு இனத்தாருக்கும் ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே மதம். 1994-இல் ஏறக்குறைய நூறு நாளில் ஹூட்டு வெறியர்கள் லட்சக்கணக்கான டுட்சிகளைக் கொன்று குவித்தார்கள். சாலைத் தடுப்பில் ஆளைப் பிரித்தறியக் கேட்டது அடையாள அட்டையை. 1930-களில் பெல்ஜிய ஆட்சி இனத்தைக் குறித்துக் கொடுக்கத் தொடங்கிய அட்டை. சோமாலியாவிலும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே மதம். 1991-இல் அரசு விழுந்த பிறகு அந்த நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நான்கு மொழி பேசும் சுவிட்சர்லாந்தில் கடைசி உள்நாட்டுப் போர் 1847-இல். அதிலும் பிளவு மொழியால் வரவில்லை.

வேற்றுமை இல்லாவிட்டால் மனிதர்கள் ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள். கணக்காளருக்கு நான் சொல்ல வேண்டுமா, பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

ஒரு சின்ன மொழி அழிந்தால் என்ன நஷ்டம்? கைபேசியே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரான உங்கள் தொழிலே போய்விட்ட கோபத்தில் எழுதுகிறீர்களோ?
— மென்பொருள் துறை இளைஞர்

கோபம் இருக்கிறது. காரணம் அது மட்டும் என்று சொல்ல முடியாது.

சுமத்ராவுக்கு மேற்கே சிமலுவே என்று ஒரு தீவு. அங்கே 1907-இல் நில நடுக்கம் வந்து, பின்னாலேயே கடல் ஏறிப் பலரை வாரிக்கொண்டு போனது. தப்பியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று ஒரு சொல் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடினால், அப்புறம் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு: இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. பாட்டிமார் அதைக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டில் வைத்துப் பாடினார்கள்.

2004 டிசம்பர் 26. நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. அதன் வட முனைக்கு அலை வந்து சேரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த எச்சரிக்கைக் கருவியும் அந்த நேரத்துக்குள் அவர்களை எட்டியிருக்காது. யாரோ "ஸ்மோங்" என்று கத்தினார்கள். அந்தச் சொல் ஓட, அதன் பின்னால் ஊர்கள் ஓடின. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். எதிரே சுமத்ராவின் அச்சே கரையிலோ லட்சத்துக்கும் மேல். அங்கிருந்தவர்களும் அதே நடுக்கத்தை உணர்ந்தார்கள், பல இடங்களில் கடல் பின்வாங்கியதையும் பார்த்தார்கள். அந்தச் சொல் மட்டும் அவர்களிடம் இல்லை.

உங்கள் கைபேசி அதை "சுனாமி" என்று மொழிபெயர்க்கும். தப்பில்லை. ஆனால் "ஓடு" என்பது அதில் விடுபட்டுப்போகும்.

சரி, எந்தப் பயனும் இல்லாத மொழி என்றே வைத்துக்கொள்வோம். காக்கேசிய மலைப்பகுதியிலிருந்து 1864-இல் விரட்டப்பட்டுத் துருக்கியில் குடியேறிய உபிக் மக்களின் மொழியில் மெய்யொலிகள் மட்டும் 80-க்கு மேல். நம் பதினெட்டை எண்ணிப் பாருங்கள். உயிரொலிகளோ இரண்டு மூன்றுதான். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசென்ச். தாத்தா பாட்டியிடம் வளர்ந்ததால் அவருக்கு அந்த மொழி வாய்த்தது. அவருடைய பிள்ளைகள் துருக்கி மொழியில் பேசினார்கள். மொழியியலாளர்கள் வருவார்கள், அவர் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். 1992 அக்டோபர் 7 அன்று இறந்தார். தம் மொழியில் தூக்கத்தில் உளறினால்கூடப் புரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாத ஒரு கிழவரை நினைத்துப் பாருங்கள். இதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது, எதில் செலவு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"இது எங்கள் பண்பாடு" என்று சொல்லித்தான் என் வீட்டில் என் வாயை அடைக்கிறார்கள். இந்தப் பன்மையையும் நான் மதிக்க வேண்டுமா?
— பெயரை வெளியிட வேண்டாம் என்ற வாசகி

வேண்டாம், அம்மா.

முதலில் சட்டம் போல ஒன்று. மேலே அந்த மாணவிக்குச் சொன்ன பிரகடனத்திலேயே நான்காவது பிரிவு இருக்கிறது: பண்பாட்டுப் பன்மையைக் காரணம் காட்டி மனித உரிமையை மீறவோ, அதன் எல்லையைக் குறுக்கவோ யாருக்கும் உரிமையில்லை. அதை எழுதியவர்களுக்கு உங்கள் வீட்டை முன்பே தெரிந்திருக்கிறது.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. "எங்கள் பண்பாடு" என்று ஒருவர் சொல்லும்போது அந்த "எங்கள்" யார் என்று கேளுங்கள். நீங்களும் அந்தப் பண்பாட்டில் பிறந்தவர்தானே? உங்களைக் கேட்டா முடிவெடுத்தார்கள்? ஒரு சமூகத்துக்குள் வாய் உள்ளவர் பேசுவது மட்டுமே அதன் பண்பாடாகிவிடாது. வாய் அடைக்கப்பட்டவரின் முணுமுணுப்பும் அதே பண்பாடுதான். வயது இரண்டுக்கும் ஒன்றுதான்.

சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தை இறுகக் கட்டி, எலும்பை ஒடித்துச் சிறிதாக்கும் வழக்கம் பல நூற்றாண்டு இருந்தது. கால் கட்டாத பெண்ணை யார் கட்டுவார் என்ற பயம்தான் அதைத் தூக்கிப் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதற்கு எதிராகச் சங்கங்கள் எழுந்தன. அவற்றில் சேர்ந்த குடும்பங்கள் எடுத்த உறுதியைப் பாருங்கள்: எங்கள் மகளுக்குக் கட்ட மாட்டோம், கால் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கவும் மாட்டோம். என்ன கெட்டிக்காரத்தனம்! பயத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றினார்கள். 1912-இல் புதிய குடியரசு தடை போட்டது. ஒதுக்குப்புறங்களில் இன்னும் சில பத்தாண்டு இழுத்துக்கொண்டு கிடந்து ஒழிந்தது. அதனால் சீனப் பண்பாடு செத்துவிடவில்லை, நடக்கத் தொடங்கியது.

உங்கள் வீட்டில் கை நீட்டுகிறார்கள் என்றால் இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் தங்கள் மொழியில் பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் என்று சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?
— தூக்கம் கெட்டவர்

எனக்கும் கெட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே போல் இரண்டு பேர். பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அது வந்ததும் இருவரும் மேலே பார்ப்பார்கள், பிறகு என் பக்கம் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அது எனக்கு வைத்த பட்டப்பெயர் என்று முடிவே செய்துவிட்டேன். தொழில் புத்தி விடவில்லை. காதில் விழுந்த சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, வேறொரு நண்பரிடம் பொருள் கேட்டேன். நான்கு மாதத்தில் முப்பது நாற்பது சொல் தேறியது.

அந்தச் சொல்லுக்கு "ஒழுகுகிறது" என்று பொருள். கூரை ஒழுகிக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் என் மேசைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எப்போது என் தலையில் சொட்டும் என்று இருவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆக, என்னைப் பற்றியும்தான் பேசியிருக்கிறார்கள்.

நாற்பது சொல் கற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாற்காலியையாவது நகர்த்திப் போடுங்கள்.

பிழைக்க வந்தவர்கள் வந்த இடத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதுதானே நியாயம்? எல்லாவற்றுக்கும் நாம்தான் வளைந்து கொடுக்க வேண்டுமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

வந்தவர் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், அங்குள்ள மொழியைக் கற்க முயல வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் "நாம்" என்ற சொல் பதினொரு முறை வருகிறது. அதை அடிக்கோடிட்டுப் பார்த்தபோது பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரு குடியிருப்பின் நிர்வாகம், புதிதாகக் குடிவருவோருக்கான நான்கு பக்கக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க என்னிடம் கொடுத்தது. சாதாரண வேலை, ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தத் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் "நாம்", விலக்கினால் "நாங்கள்". மலாய் மொழியிலும் இப்படி இரண்டு உண்டு: கீத்தா, காமி. ஒவ்வொரு இடத்திலும் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். "உங்களை வரவேற்கிறோம்": சிக்கல் இல்லை, நாங்கள். "இரவு பத்து மணிக்குமேல் அமைதி காக்கிறோம்": புதியவரும் காக்க வேண்டும், ஆகவே நாம். "பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்": சந்தேகமில்லாமல் நாம். மூன்றாம் பக்கத்தில் வந்தது: "மாதக் கூட்டத்தில் முடிவுகள் எடுக்கிறோம்."

தொலைபேசியில் கேட்டேன்: "புதிதாக வருபவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் வாக்கு உண்டா?" அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதெல்லாம் இன்னும் பேசவில்லை அம்மா, நீங்கள் பொதுவாகப் போட்டுவிடுங்கள்" என்றார் அந்த மனிதர்.

எழுவாயை விழுங்கிவிட்டால் பொதுவாகப் போட்டுவிடலாம். "எடுக்கிறோம்" என்பதில் உள்ள "ஓம்" இரண்டுக்கும் பொருந்தும். அன்று அப்படித்தான் தப்பித்தேன். பிழையில்லாத மொழிபெயர்ப்பு, கூலியும் வந்தது. இருபது ஆண்டாகியும் உறுத்துகிறது.

செயலாளர் ஐயா, உங்கள் பதினொன்றில் ஏழு கடமை பற்றியவை, நான்கு முடிவெடுப்பது பற்றியவை. கடமையில் புதியவரைச் சேர்த்தும் முடிவில் விட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே சொல்லை அங்கே "நாம்" ஆகவும் இங்கே "நாங்கள்" ஆகவும் பயன்படுத்துகிறீர்கள். யார் வளைய வேண்டும் என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அடுத்த கூட்டத்துக்கு அவர்களுக்கும் அழைப்பு அனுப்புங்கள்.

வேற்று நாட்டில் வளரும் என் பேரன் நம் மொழியில் பேச வெட்கப்படுகிறான். அதட்டிப் பார்த்தாகிவிட்டது.
— ஒரு தாத்தா

அதட்டாதீர்கள் ஐயா. விருந்தினர் முன்னால் நிறுத்தி "எங்கே, சொல்லு பார்க்கலாம்" என்பதையும் விட்டுவிடுங்கள். மொழி அங்கேயே தேர்வாகிவிடுகிறது.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே, தங்கள் மொழி பேசும் பிள்ளைகள் அருகிப்போன காலத்தில், 1982-இல் மழலையர் இல்லங்களைத் தொடங்கினார்கள். "மொழிக் கூடு" என்று அதற்குப் பெயர். பாடத்திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை: மொழி தெரிந்த பெரியவர்கள் குழந்தைகளோடு நாள் முழுக்க அதிலேயே வாழ்ந்தார்கள். ஐந்து ஆண்டில், 1987-இல், மாவோரி அந்நாட்டின் ஆட்சி மொழியானது.

உங்கள் கூடு வாரம் ஒரு தொலைபேசி அழைப்புதான் என்றால் அதுவும் போதும். ஒரு திருடன் கதை சொல்லத் தொடங்குங்கள். திருடன் சுவரேறும்போது அழைப்பைத் துண்டியுங்கள்.

உனக்கு ஒருமையே பிடிக்காதா? எப்போது பார்த்தாலும் பன்மை, பன்மை என்றே எழுதுகிறாய். ஒருமையில்தான் வலிமை, தெரியுமா உனக்கு?
— நீண்ட நாள் வாசகர்

இரண்டு பக்கக் கடிதம் முழுக்க என்னை ஒருமையிலேயே விளித்திருக்கிறீர்கள். ஒருமையில் பேசினார் என்றால் தமிழில் என்ன பொருள் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒருவரை மதிக்கிறபோது தமிழ் அவரைப் பலராக்கிவிடுகிறது. அவன் அவராகிறான், அவரும் போதாமல் அவர்களாகிறார். நீ, நீங்கள் ஆகிறது. ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது இலக்கணத்தின் நேர்வழி இல்லை, உயர்த்திச் சொல்லும் வழக்கால் வந்தது என்று தொல்காப்பியரே ஒப்புக்கொண்டு நூற்பா எழுதியிருக்கிறார். இலக்கணத்தை மீறி மக்கள் கொண்டுவந்த மரியாதை அது.

நீங்கள் எத்தனை பக்கம் எழுதினாலும் நான் பன்மையில்தான் பதில் எழுதுவேன்.